செங்கல் சுவரின் பாரம்

இரண்டாம் மாடித் தையல்காரர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நிலநடுக்கம் வந்து மூன்றாவது நாள். அந்தத் தெருவில் அடுத்தடுத்து மூன்று அடுக்குமாடிகள். மூன்றிலும் தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்தும் இடம். இரண்டு கட்டடங்கள் தங்கள் கார்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டன. என் நிறுவனம் வடிவமைத்தது மட்டும் நின்றது.

“பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் உள்ளதான் சார் இருந்தாங்க. நீங்க நல்லா இருக்கணும்.”



இந்தக் கட்டடத்துக்காகக் கணினியில் நான் உருவாக்கிய மாதிரியில் செங்கல் சுவர்கள் வெறும் பாரம், அவ்வளவுதான்; அவை தரும் இறுக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. வேலை சீக்கிரம் முடியும் என்று வருடக்கணக்காக அப்படியே செய்து பழகிவிட்டேன்.

என்னிடம் வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான பெண் ஒருத்திதான் கேட்டாள். “மேல் மாடியெல்லாம் சுவர் இறுக்கிப் பிடிச்சுக்கும் சார். கீழ சுவரே இல்ல. ஆட்டம் மொத்தமும் கீழ்த் தூண்லதானே வந்து விழும்?”

“சொன்ன வேலையைப் பாரும்மா” என்றேன். எனக்கு இருபத்தாறு வருட அனுபவம்.

அவள் கேட்கவில்லை. விடுமுறை நாட்களில் உட்கார்ந்து, சுவர்களின் இறுக்கத்தையும் சேர்த்துப் புதிதாக ஒரு மாதிரி செய்தாள். தரைத்தளத் தூண்கள் அத்தனையும் தாங்காது என்று திரையில் சிவப்பாக வந்தன. தூண்களைப் பெரிதாக்கி, கம்பியைக் கூட்டி, திருத்திய வரைபடத்தை என்னைக் கேட்காமலே கட்டுமான இடத்துக்கு அனுப்பிவிட்டாள். எனக்குத் தெரிய வந்தபோது கான்கிரீட் இறுகியிருந்தது.

அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பினேன். மேஜையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

“நான் இல்லைங்க” என்றேன் தையல்காரரிடம். “எங்க ஆபீஸ்ல இருந்த ஒரு பொண்ணு.”

“அப்படியா! இப்ப எங்க வேலை பார்க்குது அந்தப் பொண்ணு? ஒரு தடவை நேர்ல பார்க்கணும் சார்.”

தெரியாது என்றேன். அது பொய்யில்லை.

அவளை அனுப்பிய பிறகு, வேலைக்கு எடுக்கலாமா என்று விசாரித்து எனக்கு மூன்று போன் வந்தது. இரண்டு பேரிடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஆள், ஏன் என்று கேட்டார்.

“அந்தப் பொண்ணுக்குக் கணக்கு வராதுங்க” என்றேன்.