வதந்தித் தண்ணீர்

எங்கள் நெசவாளர் தெருவில், தறிக்கான பட்டு நூல் பாவை நீட்டிக் கட்ட அன்று ஆள் தேறவில்லை. வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. குழாயில் சாக்கடை கலந்து வருவதை வீடியோ எடுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. கூடவே கவுன்சிலர் கோதண்டபாணி.

"வதந்தி பரப்புறியா சுகாசினி? அழிம்மா மொதல்ல!"

"ஒருவாட்டி முழுசா பாருங்கண்ணா."

"நான் எதுக்குப் பாக்கணும்? தண்ணி சுத்தமாத்தான் இருக்குது. வேலைக்கு ஒடம்பு வளையல, வயித்தவலின்றானுங்க."

கேஸ் போடுவதாக மிரட்டி, என் கையாலேயே அழிக்க வைத்தார்கள்.

மறுநாள் தெருமுனையில் மேடை போட்டார்கள். கோதண்டபாணி கேமராக்களின் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார்.

"இதே தெருக் குழாத் தண்ணிதான்! எனக்கு இன்னா ஆச்சு?"

தெம்பு மிச்சமிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில், என் மாமியாருக்குப் பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸ் ஏறக் கிடந்தார் கோதண்டபாணி. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. சொம்புல இருந்தது குழாத் தண்ணி இல்ல, கேன் தண்ணி. அப்புறம் எனக்கு எப்படி வந்துச்சு?"

சாகக் கிடந்தாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது இவருக்கு.

"அந்த கேன் கம்பெனிக்காரன் எங்க தெருக் குழாயிலதான் ரொப்பிக்கினு போறான்ணா."

"அடிப்பாவி! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. நீங்க அழிக்கச் சொன்ன வீடியோவுல பின்பாதி பூரா அதுதான்."