ஸஹாப்தீன் கடை மாவு

ஒரு குடும்பத்து உயிர்களின் விலை அன்று பெரகலச் சந்தியில் ஏழு சதம்: கோதுமை மாவு ஆறு, இஞ்சி ஒன்று. வாங்கிப் போனவள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டு இராக்கம்மா. விற்றவர் கடைக்கார ஸஹாப்தீன்.

அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் அவருக்கு மாவின் கலப்பு நினைவுக்கு வந்தது. யுத்தத்தில் கப்பல் குறைந்து, மாவுக்குத் தட்டுப்பாடு. கோதுமைக்கு ஒத்தாசையாக, கொல்லையில் விளைந்த மரவள்ளியைக் காயவைத்து இடித்துப் பாதிக்குப் பாதி கலந்திருந்தார். மரவள்ளியும் இஞ்சியும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ஆள் தப்பாது என்பதை அந்த மலையில் நம்பாதவர் கிடையாது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஓடினார்.

"இராக்கம்மா, திங்காதீங்க! மாவுல மரவள்ளி கலந்திருக்கு. நான்தான் கலந்தேன்!"

லயம் முழுவதும் வாசலுக்கு வந்து கேட்டது. இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ மொதலாளி! எங்களுக்கேது ரொட்டி? மசக்கையில ஒண்ணும் எறங்கலன்னு ஒங்க வீட்டம்மா சொன்னாங்களேன்னு, ரொட்டி சுட்டு இஞ்சி அரச்ச சம்பலோட அப்பவே குடுத்துட்டு வந்துட்டேனே!"

ஏறிய மேட்டை எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. வீட்டு வாசலில் மனைவி ஸகீனா நின்றாள்.

"புள்ள, அந்த ரொட்டியத் திண்டியா?"

"இல்ல. நம்மட கடை மாவுண்டு இராக்கம்மா சொன்னா. அதுதான் நான் வாயில வெக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று படியில் உட்கார்ந்தவருக்கு, அதன்பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏழு சதத்தை நாளைக்கே இராக்கம்மாவிடம் திருப்பிவிடலாம். ஸகீனாவின் அந்த ஒரு பேச்சுக்கு எதைக் கொடுப்பது? அது பாக்கியாகவே நின்றது.