நெற்றிக் காசு

சிதம்பரநாதனின் நெற்றியில் வைக்க ஒரு காசு வேண்டியிருந்தது. கார்டிஃப் நகரத்துச் சவ அறையில், அவர் மனைவி மங்கையர்க்கரசி கைப்பையைத் துழாவி ஒரு பவுண்டு நாணயத்தை எடுத்தாள். தென்காசியிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் அலறினாள்.

"ராணி தலையையா என் தம்பி நெத்தியில வைப்பே? திருப்பு!"

திருப்பினாள். கிரீடத்துக்கு நடுவே ஒரு செடி நின்றது.

"அது என்ன செடி?"

"லீக், மதினி. இந்த வேல்ஸ் நாட்டுச் சின்னம். வெங்காயத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

"ஐயோ! காசிக்குப் போயி வெங்காயத்தை விட்டுட்டு வந்தவன்டி அவன்! வேற காசு பாரு."

வேட்டிக் கரை சரியில்லை, திருநீறு போதாது என்று காலையிலிருந்தே இதே பாட்டுதான். பெட்டியை மூட வந்தவர் வாசலில் கைகட்டி நின்றார். மங்கையர்க்கரசிக்குப் பொறுமை போய்விட்டது. லீக் மேலே தெரியும்படி காசைச் சந்தனத்தில் அழுத்தி ஒட்டினாள்.

"ஆபீஸ் கேன்டீன்ல உங்க தம்பி பதினெட்டு வருஷமா தினமும் லீக் சூப்தான் குடிச்சாவ, மதினி. சட்டையைத் துவைச்சவளுக்குத் தெரியாதா? எங்க வீட்டுல வெங்காயத்தை விட்டது நான் மட்டுந்தான்."