கலசத்துக்கு எத்தனை சதவீதம்?

கடைக் கூடையில் இருந்த தேங்காய்களுக்கெல்லாம் ஒரே ஆசை. கல்யாண வீட்டுக் கலசத்தின் மேல் மஞ்சள் பூசி, பூச்சூடி உட்கார வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஓர் இடம்தான். மற்றதெல்லாம் சட்னிக்குப் போக வேண்டியதுதான்.

யாரும் வாங்காமல் கூடையின் அடியில் காய்ந்து கிடந்த முற்றல் தேங்காய்தான் அங்கே ஆலோசகர்.

"சார், எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டது உருண்டைத் தேங்காய்.

"குடுமி நேரா இருக்கு. மூணு கண்ணும் பளிச்சுனு இருக்கு. தொண்ணூறு சதவீதம் உறுதி. உள்ளே தண்ணி ஆடுற சத்தம் மட்டும் போதாது. தினமும் உருண்டு பழகு."

"எனக்கு சார்?" என்றது கோணல் தேங்காய்.

"நீ சட்னிக்குத் தயாராகு தம்பி."

உருண்டை சோறு தண்ணி மறந்து உருண்டு பழகியது.

ஒருநாள் ஓர் அம்மாள் கலசச் செம்போடு வந்தாள். உருண்டையைத் தட்டிப் பார்த்து, செம்பின் வாயில் வைத்தாள். பழக்க தோஷத்தில் அது உருண்டு விழுந்தது. கோணலை வைத்தாள். ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது. உருண்டையையும் சட்னிக்கு ஆகுமென்று பையில் போட்டுக்கொண்டாள்.

"பாத்துக்கோங்க, கோணல் நம்ம மாணவன்!" என்று கூடைக்கே கேட்கும்படி கத்தினார் ஆலோசகர்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, மிக்ஸிக்குள் இரண்டும் துருவலாகச் சந்தித்தன.

"நான் கலசத்திலேருந்து வர்றேன்" என்றது கோணல்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றது உருண்டை. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பொட்டுக்கடலை வருது."