ஆதாரம் தேவையில்லை

"தயவுசெய்து கவனிக்கவும்" என்றது தொலைபேசியில் வந்த குரல்.

அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அட கடவுளே. இவரா?

சிட்னியில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர். அத்தனை பேரிலும் இவர்தானா வந்து வாய்க்க வேண்டும்.

தேர்த்திருவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தயவுசெய்து கவனிக்கவும், வழியை மறித்து நிற்கும் வெள்ளை நிற டொயோட்டாவின் சாரதி உடனடியாக வரவும் என்று கத்துகிற தவபாலன் அண்ணை. சனிக்கிழமைகளில் அவள் புருஷனோடு சீட்டு விளையாடுகிறவர். அவர்களுடைய கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் இவரேதான்.

மின்சாரக் கம்பனி அழைப்பில் சேர்த்துவிட்ட மொழிபெயர்ப்பாளருக்குப் பெயர் கிடையாது. இலக்கம் மட்டும்தான். நானூற்றுப் பதினேழு. பெயர் என்ன, பிறந்த திகதி என்ன என்று இவ்வளவு நேரமும் ஒற்றை ஒற்றைச் சொல்லாகத்தான் கேட்டது அந்த இலக்கம். சளி பிடித்த குரல் வேறு. கேட்டதையெல்லாம் அவளும் சொல்லிக்கொண்டே போனாள்.

கரண்ட் எடுக்க வேண்டிய புது வீட்டு முகவரியையும் சொன்னாள். பென்ரித்தில் தெருப் பெயர், இலக்கம், மூன்றாம் மாடி.

நேற்றுத்தான் சாவி கிடைத்த வீடு. யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவுக்குக்கூட அந்த முகவரியை அவள் சொல்லவில்லை.

சுகிர்தா பகீரதன் என்று இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? பெயரைக் கேட்டவுடனே அவருக்கு விளங்கியிருக்கும்.

இப்போது அவர், கம்பனிப் பெண் ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். பழைய வீட்டுக் கரண்டும் காஸும் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் புது வீடும் அந்தக் கணக்கிலேயே சேரும். விவரம் இரண்டு பேருக்கும் அனுப்பப்படும். ஆனால் வீட்டில் வன்முறை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லலாம். ஆதாரம் தேவையில்லை.

இதைத்தான் பெண்கள் காப்பகத்து ஷெரிலும் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். பொலிஸ் பேப்பர் வேண்டாம், டொக்டர் கடிதம் வேண்டாம், சட்டம் மாறிவிட்டது, வாய் திறந்து ஒருதரம் சொன்னால் போதும். அதன் பிறகு உன் முகவரியைப் பூட்டி வைத்துவிடுவார்கள், புருஷனே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

சொன்னால் போதும்தான். யாரிடம் சொல்வது?

தவபாலன் அண்ணை கெட்டவர் இல்லை. பிரச்சினையே அதுதான். போன வருடம் வீட்டை விட்டுப் போன ஒருத்தியைத் தேடிப் பிடித்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, புருஷனிடமே கொண்டுவந்து விட்டவர். கோயிலில் எல்லாரும் அதற்காக அவரை மெச்சினார்கள்.

"பிள்ளை, கேக்குதோ?"

இவ்வளவு நேரமும் மேடம் என்றுதான் அழைத்தார்.

அவள் போனை வலது காதோடு அழுத்திக்கொண்டாள். சித்திரை மாதத்துக்குப் பிறகு இடது காது கேட்பதில்லை.

வைத்துவிடலாமா? வைத்தால் முகவரி அந்தக் கணக்கில் அப்படியே கிடக்கும். இன்றைக்கோ நாளைக்கோ பகீரதனின் போனுக்குச் செய்தி போய்விடும்.

சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழில் சொல்ல நா எழவில்லை. ஷெரில் சொல்லித்தந்ததை ஒரு துண்டுத் தாளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்தாள்.

"ஃபமிலி வயலன்ஸ்."

"பாலன்ஸ்?" என்றாள் கம்பனிப் பெண், தேன் மாதிரி. கணக்கில் பாக்கி ஒன்றுமில்லை, கவலைப்படத் தேவையில்லை என்றாள்.

"நோ, நோ பாலன்ஸ். வயலன்ஸ்."

பாழாய்ப்போன நாக்கு ஒரு சொல்லுக்குக்கூடப் புரளவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். அழுகை வந்து அதையும் குழப்பிவிட்டது.



பிறகு தவபாலன் அண்ணை தொண்டையைச் செருமினார். அந்த இரண்டு சொற்களையும் சுத்தமான ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அதுதானே அவருடைய வேலை.

கம்பனிப் பெண்ணின் குரலே மாறிவிட்டது. தட்டச்சு படபடத்தது. சொன்னதற்கு நன்றி, இனி இந்த முகவரி யாருக்கும் போகாது, உங்கள் கணவருக்கும் போகாது, புதுக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும்தான் என்றாள்.

அவர் அதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் தமிழில் சொன்னார்.

அவள் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். வீட்டை விட்டு வந்த இந்த இருபது நாட்களில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய ஒரு மூச்சு வந்தது. மனுஷர் நல்லவர்தான் போலிருக்கிறது. அநியாயமாகப் பயந்துவிட்டேன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"பிள்ளை" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. இது கம்பனிப் பெண் சொன்னதில்லை.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பகீரதன் சரியா உடைஞ்சு போனான். பாக்கவே ஏலாமல் கிடக்கு. நான் இண்டைக்குப் பின்னேரமே அவனைக் கூட்டிக்கொண்டு உங்க பென்ரித்துக்கு வாறன். இருந்து கதைச்சா எல்லாம் சரிவரும்."

கம்பனிப் பெண் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"வேற ஏதும் உதவி வேணுமோ எண்டு கேக்கிறா" என்றார் தவபாலன் அண்ணை.