மயிரிழை

உலையிலிருந்து எடுத்து ஆறவைத்த பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தாள்.

கரித்தூள் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கையைத் தூளுக்குள் விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். செயற்கை முழங்கால் மூட்டுகள். வெள்ளி நிறத்தில் உள்ளே போனவை மழைமேக நிறத்தில் வந்தன.

டைட்டானியத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளும். ஆனால் உரசினால் தேய்ந்துவிடும். அதனால்தான் கரியில் புதைத்துச் சுடுவது. கரி ஏறி மேல்தோல் கெட்டிப்படும். சுடும்போது துளி காற்று புகுந்தாலும் போயிற்று. அந்தத் தோலே கண்ணாடிபோல விரிசல் விடும்.

முன்பு இரண்டு முறை அப்படி விரிசல் விட்டிருந்தது. இதுவும் கெட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மூட்டு கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

அண்ணன் திருமூர்த்தி அதில் ஒன்றை எடுத்து அரத்தால் இழுத்துப் பார்த்தான். அரம் கடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அம்மிணி! ஆயிப்போச்சு! அவருக்குச் சொல்லிப்போடறேன்."

ஃபோனோடு வாசல் வெயிலுக்கு ஓடினான். அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அவள் கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்தாள். முதுகு சுவரில் பட்டதும் கண் தானாக மூடியது. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

ஆனாலும் கை பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தது.

முதல் மூட்டு சுத்தம். அடுத்ததும்.

அதற்கடுத்ததன் விளிம்பில் ஒரு மயிரிழை.

தூசி என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள். மூட்டைத் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அது அங்கேயேதான் இருந்தது.

அரத்துக்கு அது தெரியாது. வாங்குகிறவர்களும் ஒவ்வொன்றாகப் பார்க்கப்போவதில்லை. என்றைக்கோ ஒருநாள், யாரோ ஒருத்தி பஸ் படியில் காலை ஊன்றும்போது தெரியும்.

வாசலில் அண்ணன் குரல் கேட்டது.

"தங்கச்சி உள்ளதானுங்க பாத்துட்டிருக்கா. அவ பாத்தா சரியாத்தானுங்க இருக்கும்."

அந்த ஒன்றைத் தனியே வைத்தாள்.



பிறகு மற்றவற்றையும் அதன் பக்கத்தில் தள்ளினாள். எல்லாம் ஒரே பெட்டியில் வெந்தவை.

முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். எழுவதற்குத்தான் நேரம் பிடித்தது.

அண்ணன் சிரிப்பு மாறாத முகத்தோடு உள்ளே வந்தான். இன்னும் கனன்றுகொண்டிருந்த உலையின் சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

"அணைச்சுப்போடாதீங்ணா," என்றாள்.