பாரிவாக்கத்தில் ஒன்பது வகை

ஞாயிறு மதியம் ஸ்ரீநாத்தும் பக்கத்து ஃப்ளாட் இஸ்மாயிலும் மண்ணில் புரண்டு எழுந்த கோலத்தில் மாங்காடு திரும்பினார்கள். பின்னாலேயே நான்கு மூட்டைக் கற்களோடு ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது.

“தேவி, பாரிவாக்கத்துல ரோடு போடப் பாறையை வெட்டியிருக்காங்கல்ல? அங்க ஒரே இடத்துல ஒன்பது வகைக் கல்லு! உலகத்துலயே இப்படி இருக்காது!” என்றார் ஸ்ரீநாத்.

“இதுல பாதி மகாராஷ்டிரா பக்கம்தான் கிடைக்கும், தங்கச்சி. இங்க எப்படி வந்துச்சுன்னே புரியல. ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதலாம்!” என்றார் இஸ்மாயில்.

ஸ்ரீநாத்தின் மனைவி தேவிப்பிரியா வண்டியை எட்டிப் பார்த்தாள். “ஏற்கெனவே லாஃப்ட் பூரா கல்லுதானேங்க? எங்க வைப்பீங்க?”

“அதெல்லாம் சாதாரணக் கல்லுடி. அதை இறக்கிட்டு இதை ஏத்திடலாம்!”

இருவரும் ஏணி கேட்க வாட்ச்மேனிடம் ஓடினார்கள். வண்டிக்காரர் ஆனந்தன் மெல்ல தேவியின் பக்கம் வந்தார்.

“இன்னாக்கா இது? பொதன்கெழம உங்க ரெண்டு ஊட்டு லாஃப்டுலேர்ந்தும் எறக்கி, நான் கொட்டிட்டு வந்த கல்லு. அத்தையே இப்போ நானே ஏத்திகினு வந்துகீறேன்!”

அருகில் நின்ற இஸ்மாயிலின் மனைவி சபீனா தலையில் அடித்துக்கொண்டு தேவியின் பக்கம் திரும்பினாள்.

“பாறைகிட்ட கொட்டிட்டா கல்லோட கல்லாப் போயிடும், யார் கண்ணுலயும் படாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க!”